இயங்கும் தோட்டம்

திங்கலான் மலைச்சரிவில் இருந்த கிரிஸ்புலோவின் கொக்கோத் தோட்டத்தை "இயங்கும் தோட்டம்" என்று கொக்கோ உலா வாரியம் தேர்ந்தெடுத்த நாளோடு அந்தத் தோட்டத்தில் வேலை நின்றுபோனது.

காரணம் இல்லாமல் இல்லை. விருந்தினர்கள் வரும்போது மரங்களில் சிவப்பும் மஞ்சளுமாகக் காய்கள் பழுத்துத் தொங்க வேண்டும். ஆகவே பழுத்ததைப் பறிக்கக் கூடாது. பாதையில் சருகு மெத்தென்று கிடக்க வேண்டும். ஆகவே கூட்டக் கூடாது. மருந்து அடித்தால் வாடை வரும். கொப்பு கழித்தால் நிழல் போய்விடும். காய் உடைத்த தோடுகளை எப்போதும்போலக் குழியில் தள்ளி மூடவும் கூடாது. நடைபாதை ஓரத்தில் அவற்றைக் குன்றாகக் குவித்து வைக்க வேண்டும், முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள. பறிப்பே இல்லாத தோட்டத்தில் தோட்டுக்கு எங்கே போவது? அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வாரியமே லாரியில் கொண்டுவந்து கொட்டியது.

கிரிஸ்புலோ ஒரு தடவை கேட்டான். "மேடம், பழுத்ததைப் பறிக்கலேன்னா எலி தின்னுடும். மிச்சம் மரத்துலயே கருகி அழுகும். அந்த நோவு மரம் மரமாத் தாவும். அப்புறம் இது எப்படி மேடம் தோட்டம்?"

வாரியத்தின் இயக்குநர் மேடம் ரெமெடியோஸ் பொறுமைசாலி. எந்தச் சேற்றிலும் வெள்ளைக் காலணி போட்டுக்கொண்டு நடப்பவர். அவனுடைய தோளில் கை வைத்தார்.

"கிரிஸ்புலோ, நீ விவசாயியா யோசிக்கிற. அங்கதான் தப்பு பண்ற. நீ இப்ப விவசாயி இல்லப்பா. விவசாயத்தோட தூதர்."

அவன் மனைவி பெலிசா அன்று மாலை அவனைப் பார்த்து, "தூதரே, அரிசி புடைக்கணும், அந்த முறத்தை எடு" என்றாள். இருவரும் சிரித்தார்கள். அதன் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டு அவர்கள் சிரிக்கவில்லை.

அவன் சம்மதித்தது ரோட்டுக்காக. திங்கலானிலிருந்து கீழே பெரிய சாலை வரைக்கும் செம்மண் பாதை. மழை பெய்தால் குதிரைகூட முழங்கால் போட்டு எழும். நோயாளியைக் கம்பில் கட்டிய தூளியில் சுமந்துதான் இறக்க வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன்னால் அப்படி இறக்கியபோது பாதி வழியில் ஒருத்தி பிள்ளை பெற்றாள். பிள்ளை பிழைத்தது, அவள் பிழைக்கவில்லை. உலா வந்தால் கான்கிரீட் ரோடு வரும் என்று வாரியம் சொன்னது. சொன்னபடியே வந்தது. பெரிய சாலையிலிருந்து ஊர் எல்லையிலிருந்த வரவேற்பு வளைவு வரை வந்து நின்றது. அந்த வளைவில் ஆளுநர், துணை ஆளுநர், மேடம் ரெமெடியோஸ் எல்லோருடைய முகங்களும் அச்சடித்த பெரிய துணிப்பதாகை கட்டியிருந்தது. கொக்கோக் காயும் ஒன்று ஓரத்தில் இருந்தது. வளைவுக்கு மேலே, வீடுகள் இருக்கிற பகுதியில் சேறு சேறாகவே விடப்பட்டது. மண்ணில் நடப்பது விருந்தினர்களுக்கு ஓர் அனுபவம் என்றார்கள். "மீதி ரோடு அடுத்த கட்டம்" என்றார் மேடம்.

சனிக்கிழமைதோறும் வேன் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள், மணிலாக்காரர்கள், தொப்பியும் கேமராவுமாக இறங்குவார்கள். முதலில் ஜெபம். பிறகு தேசிய கீதம். பிறகு மேடத்தின் வரவேற்புரை, அதற்கு ஒரு நன்றியுரை, நன்றியுரைத்தவருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ். எல்லாம் முடிந்து எல்லோரும் தோட்டுக்குன்றின் முன்னால் நின்று ஒரு படம். உடனே கோணல் முகம் காட்டி இன்னொரு படம். கிரிஸ்புலோவும் நாக்கை நீட்ட வேண்டும். தூதர் நீட்டாமல் நின்ற முதல் சனிக்கிழமை, மேடம் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "மூஞ்சியை உர்ருன்னு வச்சிருந்தா தோட்டத்துல ஏதோ குறைன்னு நெனைப்பாங்க" என்றார். அடுத்த வாரத்திலிருந்து நீட்டினான்.

உலாவின் உச்சம் சாக்லேட் சுவைப்பது. பெலிசா விதையை வறுத்து, தோல் நீக்கி, அரைத்து, வட்டமாகத் தட்டிக் காயவைப்பாள். அந்த வில்லைகளைக் கொதிநீரில் போட்டுக் கடைந்தால் சிக்வாத்தே என்கிற கெட்டியான சாக்லேட் பானம். ஒட்டரிசிச் சோறும் மாம்பழமும் பக்கத்தில் வைத்தால் ஊரே காலையில் அதைத்தான் சாப்பிடும். முதல் உலாவில் அதைத்தான் வைத்தாள். ஒரு விருந்தினர் நாக்கில் நறநறக்கிறது என்றார். அடுத்த உலாவுக்கு வாரியம் நகரத்திலிருந்து சாக்லேட்டைப் பெட்டியில் கொண்டுவந்தது. எந்த நாட்டில் செய்ததோ, பளபளவென்று இருந்தது. அதை வாழையிலையில் உடைத்து வைத்து, "இது என் பெண்டாட்டி கையால செஞ்சது" என்று கிரிஸ்புலோ சொல்ல வேண்டும். சொன்னான். விருந்தினர்கள் கண்ணை மூடிக்கொண்டு, மண்ணின் மணம் தெரிகிறது என்றார்கள். பெலிசா அடுக்களையில் நின்று தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

தோட்டுக்குன்றுக்கு எலி வந்தது. ஒரு விருந்தினருக்குப் பூனைமுடி ஒத்துக்கொள்ளாமல் தும்மல் வந்ததால் பூனைகளை ஏற்கெனவே ஊருக்கு வெளியே அனுப்பியிருந்தார்கள். நாயைக் குரைக்கிறது என்று ஒரு கொட்டகையில் அடைத்திருந்தார்கள். எலி பெருகியது. எலிக்குப் பின்னால் நாகம் வந்தது.

கிரிஸ்புலோ அதை இரண்டு தடவை பார்த்தான். மேடத்திடம் ஓடினான்.

"மேடம், குவியல்ல நல்ல பாம்பு அடைஞ்சிருக்கு. இன்னைக்கே அள்ளிக் குழியில போட்டுடறேன். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவேன்."

"குவியல் நம்ம திட்ட வரைபடத்துல இருக்கு கிரிஸ்புலோ. வரைபடத்தை மாத்தணும்னா குழு கூடணும். குழுத் தலைவர் ஜப்பான்ல இருக்கார், நல்ல பாம்பு பத்தி இல்ல, ரயில் பத்திப் பார்க்கப் போயிருக்கார். ஆனா நீ சொன்னதை நான் சும்மா விட மாட்டேன்."

சும்மா விடவில்லை. அடுத்த சனிக்கிழமை குன்றைச் சுற்றிக் கயிறு கட்டி, அருகே ஒரு பலகை நடப்பட்டிருந்தது. "வனவிலங்குகளைக் காணும் இடம்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கீழே சின்ன எழுத்தில், விருந்தினர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் போக வேண்டியவன் கிரிஸ்புலோ ஒருத்தன்தான். ஒவ்வொரு உலாவிலும் காயை வெட்டிப் பிளந்து, வெள்ளைச் சதையைச் சப்பக் கொடுத்துவிட்டு, தோட்டைக் குன்றின் மேல் கொண்டுபோய் வைப்பது அவன் வேலை. எறியக் கூடாது, மரியாதையாக வைக்க வேண்டும்.

வைக்கும்போதுதான் கடித்தது. மணிக்கட்டுக்கு மேலே.

பெலிசா அடுக்களைச் சன்னல் வழியாகப் பார்த்தாள். அவன் கத்தவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, விருந்தினர்களைத் தாண்டி, மன்னிப்புக் கேட்பவனைப் போலத் தலையைக் குனிந்து நடந்து வந்தான். விருந்தினர் பதற்றமடையக் கூடாது என்பது வாரியத்தின் முதல் விதி. உலாவை நடத்திச் சொல்லும் பெண் ஷார்மேன், முகம் வெளுத்துப்போய், விவசாயி கொஞ்சம் ஓய்வெடுக்கப் போகிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். விருந்தினர்கள் கைதட்டினார்கள். உழைத்தவனுக்கு ஓய்வு வேண்டியதுதானே.

பெலிசா அவனுடைய கையைத் துணியால் கட்டிவிட்டு மேடத்திடம் ஓடினாள்.

"மேடம், வேனைக் குடுங்க. நகரத்து ஆசுபத்திரியிலதான் மருந்து இருக்கு. உடனே போகணும்."

"ஐயோ பெலிசா!" மேடத்தின் கண் உண்மையிலேயே கலங்கியது. "குடுக்கக் கூடாதுன்னு எனக்கு என்ன ஆசையா? வேனுக்குக் காப்பீடு விருந்தினர் பேர்ல. உலா நடக்கிறப்போ வேன் அவங்களை விட்டுப் போனா, நாளைக்கு அவங்கள்ல யாருக்காவது ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது? இரு, மேலிடத்துல அனுமதி கேக்கறேன். நான் உனக்காகப் பேசறேன்."

பேசினார். சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு அந்த வெள்ளைக் காலணியோடு ஏறி நின்று பேசினார். அதை யாரும் மறுக்க முடியாது. அவர் காத்திருந்த நேரத்தில் கீழே சாக்லேட் சுவைப்பு குறித்தபடி தொடங்கியது. வாழையிலை கிரிஸ்புலோ உட்கார்ந்திருந்த திண்டுக்கு அடுத்த மேசையில்தான் விரிக்கப்பட்டது.

பக்கத்து வீட்டு அனிசெத்தோ தன் பைக்கைக் கிளப்பினான். முன்னால் அவன், நடுவில் கிரிஸ்புலோ, பின்னால் அவனை அணைத்துக்கொண்டு பெலிசா. சேற்றில் வண்டி இரண்டு தடவை படுத்தது.

"கண்ணைத் திற புலோ. என்னைப் பாரு."

"திறந்துதான் இருக்கேன் லிசா... இமைதான் மேல வர மாட்டேங்குது." நாக்கு குழறியது. கொஞ்ச தூரம் போனதும், "தோட்டை மரியாதையாத்தான் வச்சேன்" என்றான். அதற்கப்புறம் பேசவில்லை. வளைவைத் தாண்டிக் கான்கிரீட் ரோட்டில் பைக் வழுக்கிக்கொண்டு பறந்தபோது, தன் மார்பில் சாய்ந்திருந்த முதுகில் மூச்சு ஏறி இறங்கவில்லை என்பது பெலிசாவுக்குத் தெரிந்தது. அவள் அனிசெத்தோவிடம் சொல்லவில்லை. ஆசுபத்திரி வாசல் வரைக்கும் அவனை ஓட்டவிட்டாள்.

வேனுக்கான அனுமதி மறுக்கப்படவில்லை. அன்று மாலையே கிடைத்தது.

சவப்பெட்டியை வீட்டின் முன்னறையில் வைத்தார்கள். உடலை மருந்து போட்டு ஒரு வாரம், பத்து நாள் வைத்திருந்து துக்கம் காப்பது அங்கே வழக்கம்; ஊர் வந்து உட்கார்ந்தது. காபி, பிஸ்கட், சீட்டாட்டம், ஜெபமாலை. பெலிசா எல்லோருக்கும் காபி ஊற்றினாள். அழவில்லை. "அழுதுடுக்கா, உள்ளயே வச்சுக்காதே" என்று பெண்கள் சொன்னார்கள். அவளுக்கு வரவில்லை. என்ன நடந்தது என்பதே இன்னும் பிடிபடாதவள்போல நடமாடினாள். இரண்டாம் நாள் காலையில் கோழிக்கூண்டுக்குப் போய் ஒரு குஞ்சைப் பிடித்துவந்து பெட்டியின் கண்ணாடி மேல் விட்டு, கொஞ்சம் நொய்யரிசி தூவினாள்.

சீட்டாட்டம் நின்றது. கொலையுண்டவன் பெட்டி மேல்தான் குஞ்சு விடுவார்கள். அது கொத்தக் கொத்தக் கொன்றவனின் மனசாட்சியைக் கொத்தும். அனிசெத்தோ மெதுவாகக் கேட்டான், "அக்கா, பாம்பு கடிச்சதுக்கு யாராவது குஞ்சு விடுவாங்களா?"

"பாம்புக்காக விடலை" என்றாள் பெலிசா.

சனிக்கிழமை வேன் வந்தது. பதிவு செய்த உலாவை ரத்து செய்ய வாரியத்தின் விதிகளில் இடமில்லை. புயலுக்கு மட்டும் இருந்தது. மேடம் ரெமெடியோஸ் கறுப்பு உடையில், மலர்வளையத்தோடு வந்தார். வளையத்தின் பட்டியில் இறந்தவன் பெயரைவிட வாரியத்தின் பெயர் கொஞ்சம் பெரிதாக இருந்தது. விருந்தினர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். ஜெபம். தேசிய கீதம். பிறகு மேடம் மைக்கைப் பிடித்தார்.

"கிரிஸ்புலோ எங்க குடும்பத்துல ஒருத்தன். அவன் சாவு வாரியத்துக்குப் பெரிய அடி; ஏன்னா அடுத்த தூதரைப் பழக்கிறதுன்னா சாமானியமில்லை. ஆனா இந்த நேரத்துலயும் நான் பெருமையாச் சொல்லிக்குவேன். உலா தொடங்கின நாள்லேருந்து இன்னைவரைக்கும் ஒருத்தர் மேலயும் ஒரு கீறல் விழலை. பாம்பு கடிச்ச அன்னைக்குக்கூட யாருக்கும் எதுவும் ஆகலை."

ஷார்மேன் ஆங்கிலத்தில் சொன்னாள். விருந்தினர்கள் தலையாட்டினார்கள். அப்போதுதான் மேடத்தின் கண்ணில் குஞ்சு பட்டது. அவரும் அந்த மலையடிவாரத்தில் பிறந்தவர்தான். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார்.

"பெலிசா, இது எதுக்கு?"

"உங்களுக்குத் தெரியும் மேடம்."

மேடம் ஒரு கணம் குஞ்சு கொத்துவதையே பார்த்தார். ஒருவேளை உள்ளேயும் கொத்தியிருக்கலாம். பிறகு ஷார்மேன் பக்கம் திரும்பி, "புது வாழ்வோட அடையாளம்னு சொல்லிடு" என்றார். கேமராக்கள் குஞ்சை நெருங்கின.

துணைவியும் நாலு வார்த்தை பேசட்டும் என்றார்கள். பெலிசாவுக்கு ஆங்கிலம் பேச வராது, கேட்டால் புரியும். மைக்கை வாங்கினாள்.

"என் புருஷன் குவியலை அள்ளணும்னு கேட்டான். விடலை. வண்டி கேட்டேன். குடுக்கலை. இங்க உங்களுக்குக் குடுக்கற சாக்லேட் என் கையால செஞ்சதில்லை. இந்தத் தோட்டத்துல ஒரு மரமும் இப்ப நல்லா இல்லை, உள்ளுக்குள்ள எல்லாம் அழுகிடுச்சு. போய்ப் பாருங்க."

ஷார்மேன் மேடத்தைப் பார்த்தாள். மேடம் ஷார்மேனைப் பார்த்தார். ஷார்மேன் ஆங்கிலத்தில், மெல்லிய குரலில், "இந்தத் தோட்டம்தான் தன் கணவரின் உயிர் என்கிறார். நீங்கள் போய் மரங்களைப் பார்த்தால் அவர் ஆன்மா மகிழும் என்கிறார்" என்றாள்.

ஒரு வயதான வெளிநாட்டுப் பெண்மணி எழுந்து வந்து பெலிசாவைக் கட்டிக்கொண்டாள். பெட்டிக்குப் பக்கத்தில் வாழையிலை விரித்துச் சாக்லேட் பரிமாறினார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு படம். கோணல் முகப் படம் வேண்டாம் என்று மேடமே சொல்லிவிட்டார். அந்த அளவுக்கு இங்கிதம் தெரிந்தவர்.

வேனில் ஏறுமுன் பெலிசாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் அழுதுட்டாங்க பெலிசா. இதுவரைக்கும் நடந்த உலாவுலயே இதுதான் மனசைத் தொட்டதுன்னு சொல்றாங்க. அடுத்த சனிக்கிழமை ஆளுநர் வீட்டு விருந்தாளிங்க வர்றாங்க. மருந்து போட்டுத்தானே வச்சிருக்கீங்க... இன்னும் ஒரு வாரம் தாங்குமா?"

"தாங்கும் மேடம்" என்றாள் பெலிசா.

வேன் வளைவைத் தாண்டிய சத்தம் அடங்கியதும் அனிசெத்தோவிடம், "ஆளைக் கூட்டிட்டு வா. இப்பவே" என்றாள். வெயில் இருக்கும்போதே தூக்கினார்கள். பாதிரியார் நாளைக்குத்தான் வர முடியும் என்று சொல்லியனுப்பினார்; அவருக்காகக் காத்திருக்கவில்லை. ஊர் இடுகாட்டில், கீழே கடல் தெரிகிற ஓரமாக, அவளே முதல் மண்ணைத் தள்ளினாள். அப்போதும் அழவில்லை.

அடக்கமான சேதி வாரியத்துக்கு எட்டியிருந்தது; அடுத்த சனிக்கிழமை விருந்தாளிகளுக்கு முன்னால் ஒரு சின்ன வண்டி வந்தது. அதில் வாடகைக்கு எடுத்த பெட்டி, மூடியது, காலி. அதைப் பார்த்ததும் பெலிசா வாசலை மறித்து நின்றாள்.

மேடம் கோபப்படவில்லை. "நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்மா. உள்ள இரு, போதும். உன்னை இந்த நிலைமையில கஷ்டப்படுத்துவேனா? மீதி ரோட்டுக்கு இன்னைக்கு வர்றவங்கதான் கையெழுத்துப் போடணும். அதையும் நெனைச்சுக்கோ."

பெலிசா அனிசெத்தோவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். "விட்டுடுக்கா" என்றான். "ரோடு வந்துட்டா அடுத்தவனாவது பொழைப்பான்." அவனுக்கு இரண்டு பிள்ளைகள். அவர்கள் அந்தச் சேற்றில்தான் பள்ளிக்கூடம் போய்வந்தார்கள்.

அவள் விலகினாள். அடுக்களைக்குப் போய் அடுப்புக்கு முன்னால் மணைக்கட்டையில் உட்கார்ந்தாள். பின்னாலேயே ஷார்மேன் வந்தாள். கறுப்புச் சட்டை, தலையில் புருஷனைப் பறிகொடுத்தவள் போடுகிற கறுப்பு வலைத்துணி.

"அக்கா, மன்னிச்சிடுங்க. எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகலை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிறாங்க."

"அவரைப் பத்தி என்ன சொல்லப் போற?"

"தெரியலக்கா. அவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார்?"

பெலிசா அடுப்புச் சாம்பலைக் குச்சியால் கிளறினாள். பிறகு, "லிசா" என்றாள்.

மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் ஜெபம் நடந்தது. தேசிய கீதம் நடந்தது. மேடத்தின் பேச்சு நடந்தது. பிறகு ஷார்மேனின் குரல் எழுந்தது. முதலில் கொஞ்சம் தயங்கியது. அப்புறம் அவளுக்கே பிடி கிடைத்துவிட்டது. "இனி யாரு என்னை லிசான்னு கூப்பிடுவா? காலையில எழுந்து யாருக்கு நான் சிக்வாத்தே கடைவேன்? ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டியே" என்று காலிப் பெட்டியின் மேல் விழுந்து அழுதாள். அந்தப் பெண்ணுக்கு அழத் தெரிந்திருந்தது. வேலை போய்விடும் பயமோ, அன்றைக்கு விருந்தினர்களிடம் சொன்ன பொய்யோ, எதை நினைத்து அழுதாளோ, அழுகை நிஜமாகத்தான் இருந்தது.

கேட்டுக்கொண்டிருந்த பெலிசாவுக்கு நெஞ்சுக்குள் என்னவோ இடிந்து விழுந்தது. அடுப்புச் சாம்பலில் கையை ஊன்றிக்கொண்டு, "புலோ" என்றாள். அடுத்த மூச்சில் அது ஓலமாக வந்தது. பைக்கில் வராதது, பெட்டி முன்னால் வராதது, குழிமேட்டில் வராதது எல்லாம் சேர்ந்து வந்தது.

தட்டிக் கதவை விலக்கிக்கொண்டு மேடம் ரெமெடியோஸ் எட்டிப் பார்த்தார். உதட்டில் விரல் வைத்திருந்தார்.

"மெதுவா பெலிசா, மெதுவா. அங்க கேக்குது."

பெலிசாவால் மெதுவாக அழ முடியவில்லை. மேடம் கதவைச் சாத்திக்கொண்டு போனார். உள்ளே யார் அழுவது என்று ஆளுநரின் விருந்தாளி ஒருவர் கேட்பது தட்டி வழியாகத் தெளிவாகக் கேட்டது. அதற்கு மேடம் பதில் சொன்னார்:

"பக்கத்து வீட்டுப் பொம்பளை சார். எங்க பக்கத்துல கூலிக்கு மாரடிக்க ஆள் வைக்கிற வழக்கம் உண்டு."

விருந்தாளி அதை ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டார். நல்ல ரசனை உள்ளவர் போலிருக்கிறது. வாயிலிருந்த சாக்லேட்டை விழுங்கிவிட்டு, முன்னறையில் அழுத அம்மாளின் துக்கம் மனதைப் பிசைந்ததாகச் சொன்னார். அடுக்களையில் அழுகிறவள்தான், என்ன இருந்தாலும் கூலிக்கு வந்தவள் இல்லையா, கொஞ்சம் மிகைப்படுத்துகிறாள் என்றார்.